‘ஏஜி லேப்’ என்றால் ஆய்வுக்கூடம் அன்று

இங்கிலாந்துக்கு நான் ஒருமுறையும் போனதில்லை. ஆனாலும் அந்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், 1841 முதல் 1891 வரை எந்த வீட்டில் யார் குடியிருந்தார், வயது என்ன, தொழில் என்ன, எங்கே பிறந்தார் என்பதையெல்லாம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இரவு இரவாகப் படித்திருக்கிறேன். 2000களின் தொடக்கத்தில், கிண்டி தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தரவுப் பதிவு நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. தம் முன்னோரைத் தேடும் வெளிநாட்டினருக்காக, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களின் படங்களைத் திரையில் பார்த்து வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மாலையில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுவேன். எட்டு மணிக்கெல்லாம் வில்ட்ஷயரிலோ நார்ஃபோக்கிலோ ஏதோ ஒரு தெருவில் முதல் வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிராமம் எனக்கு அறிமுகமானதே தாளின் வழியாகத்தான். வீட்டுக்கு வீடு கொடுத்து எழுதி வாங்கிய படிவங்கள் பிற்பாடு அழிக்கப்பட்டன; கணக்கெடுப்பாளர் அவற்றைப் பார்த்துப் படியெடுத்த புத்தகங்களே இன்று எஞ்சியிருப்பவை. ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு சாய்கோடுகளும், ஒரே கட்டடத்துக்குள் வேறொரு குடும்பம் தொடங்கும் இடத்தில் ஒரு சாய்கோடும் இருக்கும். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விட்டால், ஒருவருடைய பிள்ளைகளை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். இதற்கிடையில், லண்டன் அலுவலகத்தில் எண்ணிக்கை பார்த்த எழுத்தர்கள், எண்ணி முடித்ததற்கு அடையாளமாக வயதின் மேலேயே பென்சிலால் அழுத்திக் கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். 3 என்பதா 8 என்பதா என்று தெரியாமல் நள்ளிரவில் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் அவர்களை மனதார வைதிருக்கிறேன். 1841ஆம் ஆண்டுக் கணக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதனால் 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார், பத்து ஆண்டு கழித்து எடுத்த 1851ஆம் ஆண்டுக் கணக்கில் திடீரென்று 49 வயதோடு வந்து நிற்பார்.

முதல் வாரத்தில் தொழில் பத்தியில் நான் மிகுதியாகக் கண்ட சொல் ‘ஏஜி லேப்’. எங்கள் அணியில் எட்டுப் பேரும் பட்டதாரிகள். எட்டுப் பேரும் அதை விவசாய ஆய்வுக்கூடம் என்றே படித்தோம். ஒரு சிற்றூரில் இத்தனை ஆய்வுக்கூட ஊழியர்களா என்று வியந்தோம். பயிற்சி கொடுத்தவர் சிரித்து முடித்த பிறகு, அது ‘அக்ரிகல்ச்சுரல் லேபரர்’ என்பதன் சுருக்கம், அதாவது விவசாயக் கூலி என்று விளக்கினார். தகப்பன் ஏஜி லேப், மூத்த மகன் ஏஜி லேப், பதினோரு வயதுப் பையனும் ஏஜி லேப், எழுபத்து மூன்று வயதுக் கிழவரும் ஏஜி லேப். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் முதன்முறையாக நகரவாசிகளாக எண்ணப்பட்டனர். ஆனால் அப்போதும் அந்நாட்டின் மிகப் பெரிய தொழில் விவசாயமாகவே இருந்தது.

கூலியின் கதை அவ்வளவு இனிப்பானது இல்லை. ஜேம்ஸ் கெயர்டு என்பவர் 1850, 1851 ஆண்டுகளில் நாடெங்கும் சுற்றித் திரட்டிய கணக்கின்படி, வட மாவட்டங்களில் ஒரு விவசாயக் கூலியின் சராசரி வாரச் சம்பளம் 11 ஷில்லிங் 6 பென்னி. தென் மாவட்டங்களில் 8 ஷில்லிங் 5 பென்னி. மண் ஒன்றும் வடக்கில் கூடுதல் பொன்னாக விளையவில்லை. அங்கே சுரங்கமும் ஆலையும் பக்கத்திலேயே இருந்ததால், குறைத்துக் கொடுத்தால் ஆள் எழுந்து போய்விடுவான் என்ற அச்சம் பண்ணைக்காரருக்கு இருந்தது. தெற்கில் போக வேறு இடமில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவர் சொன்ன சராசரி 9 ஷில்லிங் 6 பென்னி. ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங்குக்கு மாறிய அன்றைய கணக்கில் அது வாரத்துக்கு 4 ரூபாய் 12 அணா. நம்மை ஆண்ட நாடு என்றதும் மனத்தில் எழுகிற கோட்டும் தொப்பியும், அந்தத் தொழில் பத்தியின் முன் ஒரே வாரத்தில் எனக்குக் கழன்று விழுந்தன.

இரண்டாவது மாதத்தில் ‘வீல்ரைட்’ என்ற சொல் வந்தது. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்ததால் அகராதியைப் பார்க்க நேர்ந்தது. சக்கரம் செய்பவர் என்று தெரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் மதுராந்தகத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் என் அம்மாவின் அப்பா வண்டித் தச்சர். குடம் (சக்கரத்தின் நடுக்கட்டை), ஆரக்கால் (நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கால்), வட்டை (விளிம்பாகச் சேரும் வளைந்த துண்டு) என்ற சொற்களைப் பள்ளியில் ‘அ’ எழுதுவதற்கு முன்பே அவருடைய பட்டறையில் கற்றவள் நான். அன்றிலிருந்து வேலை நேரத்துக்கு வெளியிலும் அந்தக் கிராமங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆங்கிலேயத் தச்சர் ஒரு சக்கரத்துக்கு மூன்று மரம் எடுத்தார். குடத்துக்கு எல்ம், ஏனென்றால் அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், சுற்றிலும் துளைபோட்டு ஆரக்கால்களை அறைந்து இறக்கினாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக், அதையும் வாளால் அறுக்காமல் நாரின் போக்கிலேயே பிளந்து எடுப்பார்கள், அப்போதுதான் சுமை தாங்கும். வட்டைக்கு ஆஷ் (மணியாச்சியில் சுடப்பட்ட கலெக்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை), ஏனென்றால் அது குலுக்கலுக்கு வளைந்து கொடுக்கும், உடையாது. எங்கள் தாத்தாவுக்கு மூன்றுக்கும் கருவேலமே போதும். ஆனால் ஒரு விதி இரண்டு ஊருக்கும் பொது: ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். ஆறு வட்டை என்றால் பன்னிரண்டு ஆரக்கால், ஏழு என்றால் பதினான்கு. மதுராந்தகத்துக்கும் வில்ட்ஷயருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து ஏதும் நடந்திருக்க முடியாது. கையும் மரமும் சேர்ந்தால் கணக்கு தானாகவே அங்கு வந்து நிற்கும்போலும்.

அங்கே குதிரை வண்டிச் சக்கரம் தட்டையாக இராது, சாப்பாட்டுத் தட்டுபோல் சற்றுக் குழிந்திருக்கும். குதிரை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பாரம் இடமும் வலமும் ஆடி, குடத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த இடியைத் தாங்கவே குழிவு. இதை எந்தத் தச்சரும் சூத்திரமாக எழுதி வைத்துச் செய்யவில்லை. தகப்பன் செய்தபடி மகன் செய்தான்; குழிவு குறைந்த சக்கரம் ஒரு பருவத்துக்குள் திரும்பி வந்து அவனுக்குப் பாடம் சொல்லியிருக்கும்.

இரும்புப் பட்டை போடும் நாள்தான் எல்லாவற்றிலும் பெரிய நாள். அதைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தபோது ஒரு சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிட ஒரு துளி குறைவாகவே வளைத்து ஒட்டுவார்கள். பிறகு நெருப்பில் காய்ச்சினால் அது விரியும். விரிந்த சூட்டிலேயே சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் அடித்து உட்கார வைத்து, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கே சக்கரத்தை ஒரு வட்ட இரும்புத் தகட்டின்மேல் திருகி இறுக்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் வெறும் தரைதான். பட்டையைச் சுற்றி வறட்டியை அடுக்கி ஆயாதான் தீ மூட்டுவார். எந்த இடத்தில் வறட்டி இன்னும் இரண்டு வேண்டும் என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மூன்று பேர் நீண்ட குறடால் அதைத் தூக்கி வரும்போது குழந்தைகளையெல்லாம் திண்ணைக்கு விரட்டுவார்கள். இரும்பு உட்கார்ந்ததும் வட்டையைச் சுற்றித் தீ கிளம்பும், தண்ணீர் விழும், புகையில் தாத்தாவின் முகம் மறைந்துவிடும். அதன் பிறகு வரும் ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது: பட்டை சுருங்கச் சுருங்க, பன்னிரண்டு ஆரக்கால்களும் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் இறங்கிக் ‘கிர்ர்’ என்று முனகும். அந்த முனகல் வராவிட்டால் தாத்தா சோறு உண்ண மாட்டார்.

கிராமத்தில் வீல்ரைட் தனியாக வாழ முடியாது. பட்டைக்குக் கொல்லர் வேண்டும். பலகைக்கு மரம் அறுப்பவர் இருவர் வேண்டும். குழியின்மேல் கிடத்திய மரத்தில் ஏறி நின்று வாளின் மேல்பிடியைப் பிடித்துக் கோட்டைப் பார்த்து அறுப்பவர் ஒருவர். குழிக்குள் நின்று கீழ்ப்பிடியை இழுத்து, நாள் முழுக்க மரத்தூளைத் தின்பவர் மற்றொருவர். ஆங்கிலத்தில் ‘டாப் சாயர்’ என்று மேலே நிற்பவரைச் சொல்லும் சொல், பிற்காலத்தில் பெரிய மனிதர் என்ற பொருளுக்கே வந்துவிட்டது. கீழே நின்றவருக்கு அப்படி எந்தப் பொருளும் கிடைக்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் சவப்பெட்டி செய்பவரும் பெரும்பாலும் அதே தச்சர்தான், அதற்கும் அதே எல்ம் பலகைதான். கணக்கை ஆண்டுக்கொரு முறை தீர்ப்பது வழக்கம் என்று படித்தபோது, களத்து மேட்டில் நெல்லாக அளந்து வாங்கிய எங்கள் தாத்தாவின் மேரைக் கணக்கு நினைவுக்கு வந்தது.

‘ஹர்டில் மேக்கர்’ என்ற தொழில் எங்களை மிகவும் குழப்பியது. தடை தாண்டும் ஓட்டத்துக்குக் கிராமத்தில் என்ன வேலை என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, அது படல் முடைவது. ஹேசல் மிலாறுகளைப் பின்னிப் படலாக்கி, அவற்றை வயலில் நாற்புறமும் நட்டு, இரவில் ஆடுகளை உள்ளே அடைத்து, மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்துக்கு மாற்றுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இதைத்தானே நாம் கிடை போடுவது என்கிறோம்! சுண்ணாம்பு மேடுகளில் கோதுமை விளைந்ததே அந்தக் கிடையின் புண்ணியத்தால்தான்.

குடும்பப் பெயர்கள் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். மில்லர் என்று பெயர், தொழில் தையல். டெய்லர் என்று பெயர், தொழில் மாவு அரைப்பது. பெயரைத் தொழில் பத்தியில் தட்டிவிட்டுப் புள்ளி இழந்தவர்கள் எங்களில் பலர். சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டனாரின் தொழிலாக இருந்தது, வெறும் ஓசையாகத் தேய்ந்து பேரனுக்குப் பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தொழிற்பெயர் அப்படித் தேயவில்லை, சாதியாக இறுகிவிட்டது. அங்கேயும் தகப்பன் தொழிலை மகன் செய்தது பெரும்பான்மைதான். ஆனால் கொல்லரின் இரண்டாம் மகன் பக்கத்து ஊரில் ரயில்வே போர்ட்டராகவோ போலீஸ்காரராகவோ பதிவாகியிருப்பதை அடுத்த பத்தாண்டுத் தாளில் பார்க்கும்போது, அவன் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காதே என்று பெருமூச்சு விட்டதுண்டு.

பெண்களுக்கு வருகிறேன். மனைவி என்ற வரிக்கு நேரே தொழில் பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நான் நம்பவில்லை, ஏனென்றால் வறட்டி அடுக்கிய ஆயாவை நான் பார்த்திருக்கிறேன். பெட்ஃபோர்டுஷயர், ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டங்களின் தாள்களில் மட்டும் அந்தப் பத்தி நிறைந்து வழியும்: ‘ஸ்ட்ரா பிளெய்ட்டர்’, ‘ஸ்ட்ரா பிளெய்ட்டர்’ என்று தாயும் நான்கு மகள்களும். லூட்டனில் தொப்பி தைப்பவர்களுக்காகக் கோதுமை வைக்கோலைப் பின்னி நீண்ட நாடாவாக்கி, இருபது கெஜத்தை ஓர் அலகாக அளந்து சந்தையில் விற்பார்கள். வைக்கோல் ஒடியாமலிருக்க எச்சிலில் நனைக்க வேண்டும் என்பதால், அதை வாயில் கவ்வியபடியே பின்னுவார்கள். வாயின் ஓரங்கள் வெடித்துப் புண்ணாகிவிடும். இதற்கெனப் பின்னல் பள்ளிகள் இருந்தன. நான்கைந்து வயதுக் குழந்தைகளை அங்கே உட்கார வைப்பார்கள், பள்ளி என்று பெயரே தவிர எழுத்து என்பது பேருக்குத்தான். பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. 1870களுக்குப் பிறகு சீனத்திலிருந்து மலிவான பின்னல் வந்து இறங்கியது. 1891 தாள்களில் அந்த மாவட்டங்களின் பெண்கள் பத்தியும் வெளுக்கத் தொடங்கியது.

கணக்கெடுப்பில் வராத வேலை இன்னொன்று, அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்குவது. பெண்களும் குழந்தைகளும் வயலில் இறங்குவதற்கும் கரையேறுவதற்கும் பல ஊர்களில் தேவாலய மணி அடிப்பார்கள், யாரும் முந்திக்கொண்டு போய் வாரிவிடக் கூடாதென்று. அது ஏழைகளின் சட்ட உரிமை ஆகாது என்று 1788ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு ஒரு பக்கம் இருக்க, மணி அடுத்த நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டே இருந்தது.

குளிர்காலத்தில் கூலிக்கு இருந்த ஒரே பிடிமானம், களஞ்சியத் தரையில் தடியால் கதிரடிக்கும் வேலை. அதைக் கதிரடிக்கும் இயந்திரம் பறித்தபோது, 1830ஆம் ஆண்டு ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தில் முதல் இயந்திரத்தை உடைத்தார்கள். கலவரம் தென் மாவட்டங்கள் முழுதும் பரவியது. ‘கேப்டன் ஸ்விங்’ என்று, இல்லாத ஒரு தலைவனின் பெயரில் பண்ணைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. முடிவில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், 500க்கு நெருக்கமானவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, டோர்செட்டில் டோல்படில் என்ற ஊரில் கூலிச் சங்கம் தொடங்கிய ஆறு பேரும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அதே 1834இல் வந்த ஏழைகள் சட்டம், உதவி கேட்டு வந்தவர்களை ‘வொர்க்ஹவுஸ்’ என்ற விடுதிக்குள் அடைத்தது. உள்ளே போனால் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம். அந்த விடுதிகளின் தாள்கள் எனக்கு வரும்போது வேகம் தானாகக் குறைந்துவிடும். குடும்பத் தலைவர் என்ற சொல்லே அங்கு இராது. ‘இன்மேட்’, ‘இன்மேட்’, ‘இன்மேட்’ என்று பக்கம் முழுதும் ஓடும். தொழில் பத்தியில் மட்டும் ‘முன்னாள் ஏஜி லேப்’ என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள்.

1870களின் இறுதியில் மழை கெட்டது, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து விலையையும் கெடுத்தது. நம் பக்கத்தில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, அங்கேயும் கிராமங்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், இங்கே செத்தவர்கள் இலட்சக்கணக்கில். அங்கே இளைஞர்கள் ரயிலேறினார்கள். நூற்றாண்டு முடிவில் சில கொல்லர்கள் சைக்கிள் பழுது பார்க்கத் தொடங்கி, அவர்களுடைய பிள்ளைகள் அதே கொட்டகையில் கார் பட்டறை வைத்தார்கள். எங்கள் தாத்தாவின் பட்டறையை மூடியது ரப்பர் டயர் வண்டி. கடைசிச் சில ஆண்டுகள் அவர் கதவு நிலையும் ஜன்னலும் செய்தார். நன்றாகத்தான் செய்தார், ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்திலும் எடுத்தார்கள். சென்னை மாகாணத்துக்கு அதில் எஞ்சியவை எண்கள்: இத்தனை தச்சர், இத்தனை கொல்லர், இத்தனை ஆண், இத்தனை பெண். வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள் நமக்கு நிற்கவில்லை. வில்ட்ஷயரில் ஒரு வீல்ரைட்டின் மூன்றாவது மகள் அந்த ஏப்ரலில் பள்ளிக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும். என் தாத்தாவின் தாத்தா பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன், ‘பெரியவர்னுதான் சொல்வாங்க’ என்றார்.

வேலையை விடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு பக்கம் பிழை என்று திரும்பி வந்தது. தரம் பார்க்கும் பையன் சிவப்பில் குறித்திருந்தான்: 58 வயதுக் கைம்பெண்ணுக்கு வீல்ரைட் என்ற தொழிலைப் போட்டிருக்கிறேனாம், மேல் வீட்டு வரியைப் பார்த்துத் தவறாக அடித்திருப்பேனாம். “அக்கா, வீல்ரைட்டின் விதவை என்றுதான் இருக்க வேண்டும், படத்தை மறுபடி பாருங்கள்” என்றான். படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். அவன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். குடும்பத் தலைவர், விதவை, 58. தொழில் பத்தியில் கணக்கெடுப்பாளர் இடம் போதாமல் சிறிதாக எழுதியிருந்தார்: ‘வீல்ரைட், இரண்டு ஆட்களுக்கும் ஒரு பையனுக்கும் வேலை கொடுப்பவர்.’ அவன் ஒன்றும் பேசாமல் சிவப்புக் குறியை எடுத்துவிட்டு, கழித்த புள்ளியையும் சேர்த்துவிட்டுப் போனான். அதற்குக் கீழே இரண்டு சாய்கோடுகள். அடுத்த வீட்டில் ஓர் ஏஜி லேப், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள்.